காமா வெலோரம்: 78 நாள் தாளமும் 154 விநாடி மயக்கமும்

கொடைக்கானல் நகரை ஒட்டிய சின்ன ஊர் அட்டுவம்பட்டி. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். மார்ச் மாதத்தில், மேகம் இல்லாத ஒரு இரவில், ஒன்பது மணி வாக்கில் அங்கே தெற்குப் பார்த்து நின்றால் வலது பக்கத்தில் அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அதற்கு இடப்பக்கத்தில், சற்று மேலே, அடிவானத்திலிருந்து சுமார் 32 பாகை உயரத்தில் நீலம் கலந்த வெள்ளையாக இன்னொரு நட்சத்திரம் இருக்கும். அதன் பெயர் காமா வெலோரம்.

வெறும் கண்ணுக்கு இது ஒரு புள்ளி. உண்மையில் அங்கே ஒன்றையொன்று சுற்றி வரும் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றின் நிறை சூரியனைப் போல 28 மடங்குக்கு மேல். மற்றொன்று 9 மடங்கு. தூரம் ஏறக்குறைய 1100 ஒளியாண்டுகள். இந்த இரட்டையின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் அது ஓரிடத்தில் நிற்காது, மாறிக்கொண்டே இருக்கும். சில மாற்றங்கள் வாரக்கணக்கில் நடப்பவை, சில மணிக்கணக்கில். சில நிமிடங்களிலேயே மாறுகிறது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னது நிற்கவில்லை.

இதில் நமக்குப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. இந்த நட்சத்திரத்தின் கதையில் முக்கியமான இரண்டு அத்தியாயங்கள் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. முதலாவது 1871-ல் சென்னையில், இரண்டாவது 1967-ல் கொடைக்கானலில்.

பாரிஸில் இருந்து பார்க்க முடியாத நட்சத்திரம்

1867-ல் பாரிஸ் வானாய்வகத்தில் சார்ல்ஸ் வுல்ஃப், ஜார்ஜ் ரயே என்ற இருவர் அன்னப்பறவை மண்டலத்தில் மூன்று விசித்திரமான நட்சத்திரங்களைக் கண்டார்கள். சாதாரண நட்சத்திரத்தின் நிறமாலை வானவில் பட்டை போல இருக்கும், அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். நட்சத்திரத்தின் வெளிப்புற வாயு சில நிறங்களை விழுங்கிவிடுவதால் உண்டாகும் கோடுகள் அவை. இந்த மூன்றிலோ கறுப்புக் கோடுகளுக்குப் பதிலாக அகலமான, பிரகாசமான பட்டைகள் இருந்தன. அன்றுமுதல் இந்த வகைக்கு வுல்ஃப்-ரயே நட்சத்திரங்கள் என்று பெயர்.

அவர்கள் கண்ட மூன்றும் மங்கலானவை, தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. இதே வகையில் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் ஒன்று வானத்தில் இருந்தது. ஆனால் அது பாரிஸில் உதிப்பதே இல்லை! பாரிஸ் வடக்கே 49 பாகையில் இருக்கிறது. காமா வெலோரம் வானத்தின் தெற்குப் பக்கம் 47 பாகையில் இருக்கிறது. கணக்குப் போட்டால், அது உச்சிக்கு வரும் நேரத்திலும் பாரிஸ் அடிவானத்துக்கு 6 பாகை கீழே கிடக்கும். லண்டனிலும் அதே கதைதான். ரோமில் அடிவானத்தை உரசிக்கொண்டு போகும், அவ்வளவுதான். சென்னையிலோ கிட்டத்தட்ட 30 பாகை உயரத்துக்கு வரும்.

அப்போது சென்னையில் தொலைநோக்கிகளோடு ஒரு வானாய்வகம் இருந்தது. 1786-ல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் அமைத்ததைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. 1861 முதல் அதன் தலைவர் நார்மன் போக்சன்.

1871 டிசம்பர் 12-ம் தேதி காலை தென்னிந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். ஐரோப்பாவின் பெரிய தலைகள் எல்லாம் கப்பல் ஏறி வந்தார்கள். பிரான்சின் ஜான்சன் நீலகிரியில் முகாம் போட்டார். ரோமாபுரியிலிருந்து வந்த லொரென்சோ ரெஸ்பிகி புதுக்கோட்டையில் இருந்து கிரகணத்தைப் பார்த்தார். கிரகணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கையில் நிறமாலைக் கருவி இருக்கிறது. ஊரில் பார்க்கவே முடியாத தென்வானம் தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு வானியலாளர் சும்மா இருப்பாரா? அந்தப் பயணத்தின்போது சென்னையில் ரெஸ்பிகி காமா வெலோரத்தின் நிறமாலையைப் பார்த்தார். (அப்போது அதற்குக் காமா ஆர்கஸ் என்று பெயர். ஆர்கோ என்ற கப்பலாக இருந்த பெரிய மண்டலத்தைப் பிற்பாடு பிரித்தபோது, கப்பலின் பாய்க்கு வெலா என்று பெயர் வந்தது.) அதில் பிரகாசமான பட்டைகள் இருந்தன. பாரிஸில் கண்ட அந்த அபூர்வ வகையின் மிகப் பிரகாசமான உறுப்பினர் சென்னையில் அகப்பட்டது.

பட்டை ஏன் அவ்வளவு அகலம்?

பட்டைகள் எந்தத் தனிமத்தினுடையவை என்பதே பல வருடங்களுக்குப் புரியவில்லை. ஹீலியத்தை ஆய்வகத்தில் வில்லியம் ராம்சே பிரித்தெடுத்தது 1895-ல்தான். ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம் தரும் கோடுகளை ஹைட்ரஜன் கோடுகள் என்றே நினைத்திருந்தார்கள். 1913-ல் நீல்ஸ் போர் வந்துதான் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். காமா வெலோரத்தில் ஹீலியத்தோடு கார்பனும் ஏராளமாக இருப்பது தெரிந்தது.

அகலத்துக்கான விளக்கத்தை 1929-ல் கனடாவின் பீல்ஸ் கொடுத்தார். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் நம்மை நோக்கி வரும்போது ஹார்ன் சத்தம் கீச்சென்றும், தாண்டிப் போனபின் கனமாகவும் கேட்கும். ஒளிக்கும் இதே விதிதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் நகரும், விலகிப் போகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். நட்சத்திரத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் வாயு பீய்ச்சியடித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். மெல்லிய கோடாக இருக்க வேண்டியது இருபக்கமும் இழுபட்டு அகலப் பட்டையாகிவிடும்.

காமா வெலோரத்தில் இந்தக் காற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 கிலோமீட்டர். அதாவது கொடைக்கானலிலிருந்து கிளம்பினால் சென்னையைத் தாண்டிப் போக அரை விநாடி கூட ஆகாது. வருடத்துக்குச் சூரிய நிறையில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு இப்படி வெளியேறுகிறது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அது மூன்று பூமிகளின் எடை! ஒவ்வொரு வருடமும் மூன்று பூமிகளை ஊதித் தள்ளும் நட்சத்திரம் இது. நம் சூரியனும் காற்றை வெளிவிடுகிறது, ஆனால் அதைவிட இது சுமார் 50 கோடி மடங்கு அதிகம்.

மலையில் ஒரு பழைய தொலைநோக்கி

இரண்டாவது அத்தியாயம் பழனி மலையில். சென்னை வானாய்வகத்தின் வாரிசாக 1899-ல் கொடைக்கானல் வானாய்வகம் தொடங்கப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் மிக்கி ஸ்மித். நோக்கம் சூரியன். 1876-77 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி அரசாங்கத்தை உலுக்கியிருந்தது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கேதான் கண்டுபிடித்தார். கொடைக்கானல் என்றால் சூரியன் என்று உலகம் பழகிவிட்டது.

ஆனால் ஒரு மூலையில் நட்சத்திரங்களுக்கான கருவி ஒன்றும் இருந்தது. 20 அங்குல கண்ணாடி கொண்ட அந்தத் தொலைநோக்கிக்கு ஒரு தனிக்கதை உண்டு. புனேயில் கவாஸ்ஜி தாதாபாய் நைகம்வாலா என்ற பேராசிரியர், பாவ்நகர் மகாராஜாவின் நன்கொடையில் 1880-களில் ஒரு வானாய்வகம் தொடங்கினார். அதற்காக டப்ளினின் கிரப் நிறுவனம் செய்த தொலைநோக்கி இது. அவர் ஓய்வு பெற்றதும் புனே வானாய்வகம் மூடப்பட்டது, கருவிகள் 1912-ல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தன. சூரியனையே பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இதற்குப் பல வருடங்கள் பெரிய வேலை இல்லை.

1960-ல் புதிய இயக்குநர் வந்தார். வயது 32. பெயர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டில் படிக்கும்போதே 1949-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1957-ல் ஓலின் வில்சனோடு சேர்ந்து, நட்சத்திரத்தின் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்தே அதன் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று காட்டியவர். வுல்ஃப்-ரயே நட்சத்திரங்கள் ஹார்வர்ட் நாட்களிலிருந்தே அவருக்குப் பிடித்த விஷயம். அவர் வந்தபின் கொடைக்கானல் இரவிலும் கண் விழித்தது.

அமெரிக்காவில் அன்று 200 அங்குலத் தொலைநோக்கி இயங்கிக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் 20 அங்குலம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாப்புவின் பதில் எளிமையானது. கருவி சின்னதாக இருந்தால் நட்சத்திரம் பிரகாசமானதாக இருக்கட்டும். அவர்கள் எட்டாத வானம் நம்மிடம் இருக்கிறதே! காமா வெலோரம் கலிஃபோர்னியாவின் பாலமரில் வெறும் 9 பாகை உயரம்தான் வரும். கொடைக்கானலிலோ அது மலை மறைக்காத உயரத்துக்கு வருகிறது. அது நன்றாகத் தெரியும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மலையில் வானம் தெளியும் மாதங்கள்.

78.5 நாள்

காமா வெலோரம் இரட்டை நட்சத்திரம் என்பதை 1955-ல் அர்ஜென்டினாவின் ஹோர்ஹே சஹாதே சொல்லியிருந்தார். ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை நாள்? சுற்றுப்பாதை தெரியாமல் நிறை தெரியாது. நிறை தெரியாமல் அந்த நட்சத்திரம் என்ன என்றே சொல்ல முடியாது.

வேலை எவ்வளவு கடினம் என்பதை எண்களில் பார்த்தால் புரியும். சுற்றும்போது வுல்ஃப்-ரயே நட்சத்திரம் விநாடிக்கு 120 கிலோமீட்டர் அளவில் முன்னும் பின்னும் அசைகிறது. ஹீலியத்தின் 4686 ஆங்ஸ்ட்ராம் கோடு இதனால் இரண்டு ஆங்ஸ்ட்ராம் கூட நகராது. ஆனால் அந்தப் பட்டையின் அகலமோ 47 ஆங்ஸ்ட்ராம் வரும்! ஒரு பெரிய வைக்கோல் போர் இரண்டு விரற்கடை நகர்ந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து சொல்வது போன்ற வேலை. போதாததற்கு, போரின் உச்சி தினமும் கொஞ்சம் உருமாறுகிறது. துணை நட்சத்திரத்தின் கறுப்புக் கோடுகளும் அந்தப் பட்டைகளுக்கு நடுவே புதைந்து கிடக்கின்றன.

எனவே ஒரு தட்டு, இரண்டு தட்டு எடுத்தால் போதாது. 78 நாள் சுற்று என்றால் ஒரு பருவத்தில் ஒன்றரைச் சுற்றுதான் கிடைக்கும். மேகம் வந்தால் அதுவும் இல்லை. ஆனால் ஒரு வசதி உண்டு. ஒரு வருடத்தில் 4.65 சுற்றுகள். மிச்சம் இருக்கும் அந்தப் பின்னத்தால் அடுத்த வருடம் அதே மாதத்தில் பார்த்தால் சுற்றின் வேறொரு கட்டம் தெரியும். வருடங்கள் சேரச் சேர ஓட்டைகள் அடையும். வருடக்கணக்கில் தட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போவதைத் தவிர வேறு குறுக்கு வழி கிடையாது.

1967-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் புல்லட்டினில் கே.எஸ். கணேஷும் வைணு பாப்புவும் விடையை வெளியிட்டார்கள்: 78.5 நாள்.

(தற்செயலாக, இதே நட்சத்திரத்துக்கு ரெகோர் என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அப்பல்லோ விண்வெளி வீரர் ரோஜர் சாஃபியின் பெயரைத் தலைகீழாக எழுதியது அது. சக வீரர் கஸ் கிரிஸம் செய்த குறும்பு. இருவருமே 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீ விபத்தில் இறந்துபோனார்கள்.)

அந்த 78.5 எப்படித் தாக்குப் பிடித்தது? 1980-ல் அர்ஜென்டினாவில் வீர்ப்பி நியெமெலாவும் சஹாதேயும் மறுபடி அளந்தார்கள். எண் நின்றது. 1997-ல் ஷ்முட்ஸ் குழு இன்னும் துல்லியமான கருவிகளால் அளந்தது: 78.53 நாள். வித்தியாசம் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டது என்பதில் பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தம் செய்தார்கள், அது வேறு. தாளம் மட்டும் மாறவில்லை.

இந்த ஒரு எண்ணிலிருந்து எவ்வளவு விஷயம் வந்தது பாருங்கள். வுல்ஃப்-ரயே நட்சத்திரம் விநாடிக்கு 122 கிலோமீட்டரும், துணை நட்சத்திரம் 38 கிலோமீட்டரும் அசைகின்றன என்று பிற்பாடு அளந்தார்கள். சீசாவில் எடை குறைந்த பிள்ளைதான் அதிக உயரம் போய் வரும். 122-ஐ 38-ஆல் வகுத்தால் 3.2. அதாவது துணை நட்சத்திரம் மூன்று மடங்குக்கு மேல் கனம். 2007-ல் ஆஸ்திரேலியாவில் குறுக்கீட்டுமானியால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தபோது கிடைத்த நிறைகள் 28.5, 9.0. வகுத்துப் பாருங்கள், அதே விகிதம்தான்.

இங்கே ஒரு புதிர் எழும். கனமான நட்சத்திரம்தான் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்து முதலில் கிழடாகும். ஆனால் இங்கே கிழடாகிப் போனது எடை குறைந்தது! விடை: அது பிறக்கும்போது இரண்டில் கனமானதாக இருந்தது, தன் மேல்தோலை எல்லாம் இழந்துவிட்டு இப்போது உள்ளே இருந்த கருவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் நட்சத்திரத்தின் வயிற்றில் சமைக்கப்பட்ட கார்பன் வெளியே தெரிகிறது. இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று மற்றொன்றின் மேலடுக்கைப் பிடுங்குவதால் வுல்ஃப்-ரயே உண்டாகலாம் என்று போலந்தின் பச்சின்ஸ்கி சொன்னதும் அதே 1967-ல்.

1971-ல் பியூனஸ் அயர்ஸில் வுல்ஃப்-ரயே நட்சத்திரங்கள் குறித்து உலக வானியல் சங்கத்தின் கருத்தரங்கு நடந்தது. அதன் தொகுப்பாசிரியர்கள் இருவர்: பாப்பு, சஹாதே. இருவருமே பிற்காலத்தில் அந்தச் சங்கத்தின் தலைவர்கள் ஆனார்கள். 1979-ல் பாப்பு, அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1985-ல் சஹாதே.

154 விநாடி

இனி குறுகிய கால மாற்றங்கள். 1970-களில் புகைப்படத் தட்டு போய் மின்னணுக் கருவிகள் வந்தன. தட்டு ஒரு உண்டியல் மாதிரி. மூடி வைக்கும்வரை விழுந்த ஒளியை எல்லாம் சேர்த்து வைக்கும், எந்த நிமிடம் எவ்வளவு விழுந்தது என்று சொல்லாது. புதுக் கருவிகள் விநாடிக்கு விநாடி கணக்குக் கொடுத்தன.

கணக்குப் பார்த்த சிலர் பரபரப்பானார்கள். காமா வெலோரத்தின் பட்டைகள் சில நிமிடங்களிலேயே மாறுகின்றன என்று கட்டுரைகள் வந்தன. 154 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு தாளம் இருக்கிறது என்ற பேச்சு 80-கள் வரை ஓடியது. உண்மையாக இருந்தால் பெரிய விஷயம். இரண்டரை நிமிடத்தில் அதிர வேண்டும் என்றால் அங்கே ஏதோ மிகச் சிறிய, மிக அடர்த்தியான பொருள் ஒளிந்திருக்க வேண்டும்.

ஆனால் சற்று யோசித்தால் ஒரு முட்டுக்கட்டை தெரியும். 154 விநாடியில் அந்தக் காற்று 2 லட்சத்து 31 ஆயிரம் கிலோமீட்டர்தான் போகும். பட்டையை உண்டாக்கும் வாயு மண்டலமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் அகலம். ஒளியே 154 விநாடியில் 4.6 கோடி கிலோமீட்டர்தான் கடக்கும். ஊர் முழுக்க ஒரே நொடியில் விளக்கை அணைத்து ஏற்றினாலும், தூரத்துத் தெருவின் ஒளி தாமதமாக வந்தால் பார்ப்பவருக்கு எல்லாம் குழம்பித்தான் தெரியும். அவ்வளவு பெரிய மண்டலம் மொத்தமாக இரண்டரை நிமிடத் தாளத்தில் ஏறி இறங்குவது மிகக் கடினம். பின்னால் வந்த துல்லியமான அளவைகளில் அந்தத் தாளம் அகப்படவில்லை.

இதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். பூமியின் காற்று நடுங்குவது, மெல்லிய மேகம் கடப்பது, தொலைநோக்கியைச் சுழற்றும் பற்சக்கரத்தின் சீரான தள்ளாட்டம், பிளவின் ஓரத்தில் நட்சத்திர ஒளி வழுக்குவது என்று எல்லாமே நிமிடக்கணக்கில் நடப்பவை. நட்சத்திரமும் அதே நிமிடக்கணக்கில் மாறுவதாக நினைத்தால் எது யாருடைய துடிப்பு என்று பிரிப்பது லேசல்ல. 78 நாள் தாளத்தை மட்டும் எந்தப் பற்சக்கரமும் போலி செய்ய முடியாது.

கட்டிகள்

அப்படியானால் குறுகிய கால மாற்றமே இல்லையா? இருக்கிறது. ஆனால் தாளமாக இல்லை.

1988-ல் கனடாவின் ஆண்டனி மொஃபட்டும் அவர் குழுவினரும் வேறொரு வுல்ஃப்-ரயே நட்சத்திரத்தின் பட்டையை இரவு முழுக்க அடுத்தடுத்துப் பதிவு செய்தார்கள். பட்டையின் உச்சியில் சின்னச் சின்ன மேடுகள் தோன்றின. மணிக்கணக்கில் அவை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்ந்து மறைந்தன. காற்றில் கட்டி கட்டியாக வாயு வேகம் பிடித்துப் பறப்பதுதான் இப்படித் தெரிகிறது. நட்சத்திரத்தின் காற்று சீராக ஓடும் ஆறு மாதிரி அல்ல, மழைக்காலத்தில் மலைச்சரிவில் திட்டுத் திட்டாக இறங்கும் மேகம் மாதிரி. காமா வெலோரத்திலும் இந்தக் கட்டிகள் 1990-களில் அகப்பட்டன.

கட்டி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் பெரிய விஷயம் இருக்கிறது. பட்டையின் ஒளி வாயுவின் அடர்த்தியைப் பொறுத்து வர்க்கமாக ஏறும். அடர்த்தி 10 மடங்கு ஆனால் ஒளி 100 மடங்கு. ஒரு வாயு முழுவதும் பத்தில் ஒரு பங்கு இடத்தில் ஒடுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 10 மடங்கு, எனவே ஒளி 100 மடங்கு. இடம் பத்தில் ஒன்றுதான் என்பதால் மொத்தத்தில் 10 மடங்கு. அதாவது அதே எடை வாயு 10 மடங்கு அதிக ஒளி தருகிறது! கட்டி இருப்பது தெரியாதவர் அந்த ஒளியைப் பார்த்து வாயுவின் அளவை 3 மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லிவிடுவார். (10-ன் வர்க்கமூலம் 3.16.)

ஆகவே, மணிக்கணக்கில் நகர்ந்த அந்தச் சின்ன மேடுகள், இந்த நட்சத்திரங்கள் இழக்கும் நிறையைப் பற்றிய பழைய கணக்கை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிட்டன. நிறை இழப்பு குறைந்தால் மிஞ்சும் நிறை கூடும். வெடிக்கும்போது அந்த நட்சத்திரம் நியூட்ரான் நட்சத்திரமாகுமா, கருந்துளையாகுமா என்பது மிஞ்சும் நிறையைப் பொறுத்தது. அண்டவெளியில் எவ்வளவு கார்பன் தூவப்படுகிறது என்ற கணக்கும் இதோடு சேர்ந்தே மாறும்.

கட்டிகளைத் தவிர இன்னொரு விஷயமும் நடக்கிறது. துணை நட்சத்திரமும் காற்று வீசுகிறது. இரண்டு காற்றும் மோதும் இடத்தில் வாயு கோடிக்கணக்கான பாகைக்குச் சூடாகி எக்ஸ் கதிர் வீசும். 1995-ல் ரோசாட் செயற்கைக்கோளின் பதிவுகளை வைத்து இதைக் காட்டினார்கள். இரண்டு நட்சத்திரங்களின் சராசரி இடைவெளி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 1.2 மடங்கு. நெருங்கும்போது அது 0.8 ஆகும், மோதல் வலுக்கும். கார்பனின் 5696 ஆங்ஸ்ட்ராம் பட்டை அதற்கேற்ப உருமாறும். இந்த உருமாற்றம் 78.5 நாளைப் பின்பற்றும், கட்டிகள் எதையும் பின்பற்றாது. முதல் தாளம் நிச்சயமாகத் தெரிந்திருப்பதால்தான் இரண்டையும் பிரிக்க முடிகிறது.

2017-ல் ரிச்சர்ட்சன் தலைமையிலான குழு இதை விரிவாகச் செய்தது. 20 சென்டிமீட்டர் பெட்டி அளவே உள்ள பிரைட் நுண் செயற்கைக்கோள்கள் பிரகாசத்தை அளந்தன. தென்பாதி உலகின் அமெச்சூர் வானியலாளர்கள் வீட்டுத் தொலைநோக்கிகளில் நூற்றுக்கணக்கான நிறமாலைகளை எடுத்துக் கொடுத்தார்கள். சின்னக் கருவி, பிரகாசமான நட்சத்திரம், விடாத கண்காணிப்பு. 1960-களில் கொடைக்கானலில் போட்ட அதே கணக்கு!

பிறகு

கொடைக்கானலின் இரவு வானம் நட்சத்திர ஆய்வுக்குப் போதாது என்பதை உணர்ந்த பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 15 அங்குலக் கருவி, 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்தன. 1971-ல் கொடைக்கானல் வானாய்வகம் இந்திய வான் இயற்பியல் மையம் என்ற தன்னாட்சி நிறுவனத்தின் பகுதியானது. பாப்புவின் கனவான 2.3 மீட்டர் தொலைநோக்கி முடியும் முன்பே, 1982 ஆகஸ்ட் 19-ல் அவர் மியூனிக்கில் காலமானார். 1986-ல் அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பெரிய கருவி வேண்டும் என்று கடைசிவரை பாடுபட்டவர் அவர். ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மன்னர் காலத்துப் பழைய தொலைநோக்கி மூலையில் கிடந்த மலையில், பிரகாசமான ஒரே ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் மெதுவான தாளத்தைப் பொறுமையாக எண்ணினார்கள். அதைவிட வேகமான கருவிகள் கண்ட 154 விநாடி மறைந்துவிட்டது. 78.5 நாள் இன்றும் நிற்கிறது. காமா வெலோரத்தின் ஒளியில் இன்று யார் புதிதாக எந்தத் துடிப்பைக் கண்டாலும், முதலில் அதை அந்த எண்ணோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.